எழாத கணினி: காரணங் காணும் முறை

வீட்டிற் பழகிய பொறியொன்று ஒரு நாட் காலையில் இயங்க மறுக்குமாயின், அதனை உடையார்க்குப் பொதுவாக ஒரு கவலையே உண்டாகும். தையற்பொறி நின்றதாயின் முன்னர்த் தைத்து வைத்த ஆடைகளுக்கு ஊறில்லை. நீரிறைக்கும் பொறி பழுதுற்றதாயின் கிணற்று நீர் வற்றிவிடுவதில்லை. கணினியின் நிலை இவற்றின் வேறானது. அது வேலை செய்யுங் கருவியாதலோடு, செய்த வேலையைச் சேமித்து வைக்கும் பெட்டகமுமாகும். மாணவன் ஈராண்டு முயன்று எழுதிய ஆய்வுரையும், மறைந்த முதியோரின் நிழற்படங்களும், சிறு வணிகர் ஒருவரின் கொடுக்கல் வாங்கற் கணக்கும் அதனுள்ளேயே கிடக்கும். ஆகவே கணினி எழாதபோது பொறியின் பழுது ஒன்று, பொருளின் இழப்பு ஒன்று என இருவகை அச்சந் தோன்றுகின்றது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கருதி மயங்குதலே பல இழப்புக்களுக்குக் காரணமாகின்றது.

பழுதுற்ற கணினியைச் செப்பனிடுதல் மிக நுண்ணிய வித்தை எனவும், அத்துறைத் தொழிலறிஞரன்றிப் பிறர் அதனை அணுகலாகாது எனவும் பலர் எண்ணுவர். நுண்ணிய உறுப்பொன்றைத் திருத்துதல் அத்தகையதே. ஆயின் பழுது எவ்விடத்தது என்று அறிதல் அத்துணை அரிதன்று. கணினி எழுதல் என்பது ஒரே செயலன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்களின் தொடர். ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படி முற்றுப்பெற்ற பின்னரே நிகழும். எனவே எந்தப் படி வரையிற் செயல் நிகழ்ந்தது என்பதைக் கண்டுகொண்டால், பழுது அதற்கு அடுத்த படியைச் சார்ந்தது என்பது தானே பெறப்படும். படிகளின் வரிசையை அறிந்தவர் பொறியின் உறுப்பு எல்லாவற்றையும் ஐயுற வேண்டியதில்லை.

முதற்கண், கணினி எழுதலில் அமைந்துள்ள ஒரு புதிரை நோக்குதல் தகும். கணினி எச்செயலையும் செய்நிரல் ஒன்றன் ஏவலின்படியே செய்யும். அச்செய்நிரல்களோ வன்தட்டிற் கிடக்கின்றன. வன்தட்டிலிருந்து அவற்றை நினைவகத்துக்குக் கொண்டுவருதலும் ஒரு செயலாதலின், அதற்கும் ஒரு செய்நிரல் வேண்டும். அதனைக் கொண்டுவருவது யாது? இவ்வாறு வினவிச் செல்லின் முடிவு காணல் இயலாது. தன் சப்பாத்தின் வாரைத் தானே பற்றித் தன்னை மேலே தூக்குதல் என்றொரு வழக்கு ஆங்கிலத்தில் உண்டு. கணினி எழுதலை அம்மொழியார் ‘பூற்’ என்று வழங்குதல் அவ்வழக்கினின்றே பிறந்தது. மின் நின்றாலும் அழியாத நினைவகம் ஒன்றிற் சிறியதொரு செய்நிரலை முன்னரே பதித்து வைத்தலே இப்புதிருக்கு விடையாயிற்று. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாட் கணினியில் இது ‘பயோஸ்’ எனப்பட்டது. அக்கணினியின் முறைவழியாக்கி விழித்தவுடன், அதனால் அணுகத்தக்க பத்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட முகவரிகளின் உச்சியிலிருந்து 16 பைற்றுக் கீழேயுள்ள ஓரிடத்தையே முதலில் நோக்கும். அங்கே கிடக்குங் கட்டளை அதனைப் ‘பயோஸ்’ தொடங்குமிடத்துக்குச் செலுத்தும். அக்கணினியின் வழிவந்தனவாகிய இன்றைய மேசைக் கணினிகளும் இக்கருத்தையே பின்பற்றுகின்றன.

இனி, எழும் படிகளை வரிசைப்படுத்துமிடத்து அவை ஐந்தாம். மின் பெறுதல் முதலாவது. முறைவழியாக்கி விழித்தல் இரண்டாவது. கணினி தன் உறுப்புக்களைத் தானே சோதித்தல் மூன்றாவது. ‘விண்டோஸ்’, ‘லினக்ஸ்’ முதலாகிய பணிசெயல் முறைமை கிடக்குமிடத்தைத் தேடி அடைதல் நான்காவது. அம்முறைமையை நினைவகத்தில் ஏற்றி இயக்குதல் ஐந்தாவது.

இவற்றுள் எப்படியிற் பழுது நேர்ந்தது என ஆராய்வார்க்கு உதவும் வாயில்கள் மூன்று. சைவசித்தாந்த அளவை நூலார் அறிவு பெறும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக அடக்கிக் கூறினர். கணினியை ஆராய்வார்க்கும் இம்மூன்றுமே கருவிகளாகின்றன. விளக்கு எரிகின்றதா, விசிறி சுழல்கின்றதா, கருகிய நாற்றம் வீசுகின்றதா என அறிதல் காட்சி. கண்டது கொண்டு காணாததைத் துணிதல் கருதல். கணினி தானே எழுப்பும் ஒலிக்குறியும், திரையிற் காட்டும் வாசகமும், அவற்றின் பொருளை விளக்கும் கைந்நூலும் உரை. காட்சியை முற்றச் செய்யாது கருதலிற் புகுவோர் நல்ல உறுப்பைக் கழற்றியெறிந்து தீய உறுப்பை இருக்கவிடுவர்.

முதலாம் படியிலிருந்து தொடங்குதல் முறை. ஆளியை அழுத்தியும் விளக்கெரியாது, விசிறி சுழலாது, ஒலியும் எழாதாயின், மின் உள்ளே புகவில்லை என்க. அப்போது கணினியைத் திறப்பதற்கு முன்னர், சுவரிலுள்ள குதையில் வேறொரு விளக்கைச் செருகிப் பார்த்தல் வேண்டும். வடம் தளர்ந்துள்ளதா என்றும், மின்வழங்கியின் பின்புறத்துச் சிற்றாளி அணைந்துள்ளதா என்றும் நோக்குதல் வேண்டும். இவை எளியனவாதலின் இகழப்படுகின்றன; எளியன என்பதனாலேயே முதலிற் செய்யத்தக்கன. விசிறி சுழன்றும் திரை இருண்டிருக்குமாயின், திரைக்குரிய மின்னும் அதனைக் கணினியோடு இணைக்கும் வடமும் ஆராயப்படல் வேண்டும். திரையும் கணினியும் வெவ்வேறு பொறிகள். ஒன்றன் இருள் மற்றதன் இறப்பாகாது.

மேசைக் கணினிகளின் மின்வழங்கி பெரும்பாலும் 1995ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வகுத்த ‘ஏ.ரி.எக்ஸ்.’ என்னும் அமைப்பைத் தழுவியது. இலங்கை இல்லங்களுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை அது 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டங்களாக மாற்றித் தரும். கணினி அணைந்திருக்கும்போதும், சுவர் ஆளி மூடியிருக்கும் வரை, 5 வோல்ற்றுச் சிறு மின் ஒன்று தாய்ப்பலகைக்குச் சென்றுகொண்டேயிருக்கும். முகப்பிலுள்ள பொத்தான் மின்னை நேரே திறப்பதன்று. மின்வழங்கியை எழுப்புமாறு தாய்ப்பலகைக்குக் குறிப்புத் தருவதே அதன் தொழில். எழுந்த மின் நிலைபெற்றதும் ‘மின் நன்று’ என்னும் பொருள்பட ஒரு குறிப்பை மின்வழங்கி அனுப்பும். அது வருங்காறும் முறைவழியாக்கி உறக்கத்திலேயே தடுத்து வைக்கப்படும். ஆகவே விசிறி சுழல்வதொன்றே மின் நலமுடையது என்பதற்குச் சான்றாகாது. 12 வோல்ற்று மின் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறினும் இறங்கினும், அஃதாவது 11.4க்குக் குறையினும் 12.6க்கு மிகினும், அது தகுதியற்றதாம். பல்மானி ஒன்று இதனைக் காட்டிவிடும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மின்வழங்கியின் உலோகப் பெட்டியைத் திறத்தலாகாது. அதனுள்ளிருக்கும் பெரிய கொள்ளளவி 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தை ஏந்தியிருக்கும். வடத்தைக் கழற்றிய பின்னரும் சிறிது நேரம் அதனை விடாது வைத்திருத்தல் கூடும். பழுதான மின்வழங்கியை முழுமையாக மாற்றுதலே வீட்டிலுள்ளோர்க்கு ஏற்ற வழி. கணினியின் ஏனைய உறுப்புக்களைத் தொடுமுன் வடத்தை நீக்கி, புவித்தொடுப்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டு, உடலிற் சேர்ந்த நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுதலும் வேண்டும். உடலுக்கு உணர்ச்சியில்லாத சிறு மின்பொறியும் நுண்சுற்றுக்களைக் கெடுக்கவல்லது.

மின் நன்றாயிருந்தும் திரையில் எழுத்துத் தோன்றாதாயின், இரண்டாம் மூன்றாம் படிகள் ஐயத்துக்குரியன. இந்நிலையில் அடிக்கடி குற்றவாளியாகக் காணப்படுவது நினைவகத் துண்டு. அதன் விளிம்பிலுள்ள பொன்னிறத் தொடுகைகளில் மாசு படிந்தாலும், துண்டு சிறிது தளர்ந்தாலும் கணினி எழாது. அதனைக் கழற்றி, தொடுகைகளை மெல்லிய அழிறப்பராற் துடைத்து, உரிய இடத்தில் இருபுறப் பூட்டும் பொருந்துமாறு அழுத்திச் செருகிய அளவிலேயே நோய் நீங்குதல் உண்டு.

அதனால் நீங்காதபோது, இன்றியமையாதன தவிர ஏனையவற்றையெல்லாம் கழற்றிவிடுதல் முறை. தாய்ப்பலகை, முறைவழியாக்கி, அதன் குளிர்விசிறி, ஒரேயொரு நினைவகத் துண்டு, மின்வழங்கி, திரைக்கு வழி ஆகியன மட்டும் எஞ்சுதல் வேண்டும். இவ்வளவில் எழுமாயின், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துவர, எது சேர்ந்தபோது பழுது மீண்டும் தோன்றியதோ அதுவே காரணமாம். ஓர் உறுப்பு உள்ளபோது நோய் உண்டு, அஃது இல்லாதபோது நோயும் இல்லை என உடன்பாட்டானும் எதிர்மறையானும் உறுதிசெய்தலே இங்கு நிகழ்வது. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்யப்படல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவர்க்குக் கணினி எழுந்தாலும் காரணம் விளங்காது.

நினைவகம் முழுவதையுங் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கிப் பார்த்தல் ஒரு நல்ல சோதனை. அப்போது சிற்றொலிபெருக்கி விட்டுவிட்டு ஒலிக்குமாயின், அது நற்செய்தியே. முறைவழியாக்கி விழித்து, பதித்து வைத்த செய்நிரலை வாசித்து, நினைவகம் இல்லையென முறையிடுகின்றது என்பது அதன் பொருள். முறையிடும் வலியுள்ளதாதலின், தாய்ப்பலகையும் முறைவழியாக்கியும் உயிருடன் உள்ளன என்பது பெறப்படும். 1981ஆம் ஆண்டின் ஐ.பி.எம். கணினியில் ஒரு குற்றொலி நலத்தையும், ஒரு நெட்டொலியைத் தொடர்ந்த இரு குற்றொலிகள் திரைக்குரிய அட்டையின் பழுதையும் குறித்தன. பின்வந்த நிறுவனங்கள் தத்தமக்கென வேறு குறிகளை வகுத்துக்கொண்டன. சில ஒலிக்குப் பதிலாகச் சிறு விளக்குக்களை அமைத்தன. ஆதலின் தாய்ப்பலகையின் பெயரை அறிந்து, அதற்குரிய கைந்நூலையே நோக்குதல் வேண்டும்.

முதுமையால் வருங் கேடுகளும் உள. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரையில் உருவான தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்பகு கொள்ளளவிகள் குறைபாடுடையனவாய் அமைந்தன. அவற்றின் தலைப்புறம் புடைத்துப் பழுப்புநிற நீர் கசிதலைக் கண்ணாற் காணலாம். குளிர்விசிறி தூசியால் அடைபட்டாலும், முறைவழியாக்கிக்கும் வெப்பமகற்றும் உலோகத்துக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை உலர்ந்தாலும், கணினி சிறிது நேரம் எழுந்து தானே அணைந்துவிடும். அது தன்னைக் காத்துக்கொள்ளுஞ் செயலேயன்றிப் பிறிதன்று. தாய்ப்பலகையில் நாணயம் போன்று தட்டையாயுள்ள 3 வோல்ற்றுப் பற்றறியும் கவனிக்கத்தக்கது. நேரத்தையும் அமைப்புக்களையும் காத்து நிற்கும் அதன் வலி குன்றின், நாட்காட்டி பல ஆண்டு பின்சென்றுவிடும். எவ்விடத்திலிருந்து எழல் வேண்டும் என்ற அமைப்பும் மாறிப்போதல் கூடும். அப்போது வன்தட்டு அழிந்ததுபோன்ற தோற்றம் உண்டாகும். சிறு விலையுடைய பற்றறியின் சோர்வு பெருநோயின் வேடம் பூணுதல் இவ்வாறாம்.

நான்காம் படியிற் பழுது நேர்ந்தால், நிறுவனத்தின் சின்னம் திரையிற் தோன்றிய பின்னர், எழுதற்குரிய தட்டு இல்லை என்னும் பொருள்பட ஒரு வாசகம் தோன்றும். ‘பயோஸ்’ முறையில் வன்தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுக்களே வாயிற்படியாகும். அவற்றின் இறுதி இரண்டு பைற்றுக்களில் 85, 170 என்னும் எண்கள் அடையாளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வடையாளம் அழியின், வன்தட்டின் ஏனைய பகுதி முழுவதும் நலமாயிருந்தாலும் கணினி அதனை எழுதற்குரியதென ஏற்காது. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய ‘யூ.ஈ.எஃப்.ஐ.’ மன்றத்தின் வழியே பரவிய புதிய முறையில், இதற்கெனத் தனித்த சிறு பகுதியிலுள்ள கோப்பொன்று தேடி ஏற்றப்படும். எம்முறையாயினும், இங்கே ஆராயத்தக்கன மூன்று. முதலாவதாக, மறந்து செருகிவிட்ட பென்டிறைவ் ஏதேனும் உளதா என நோக்குக. அடுத்து, அமைப்புத் திரையில் வன்தட்டின் பெயர் காணப்படுகின்றதா எனப் பார்க்க. பெயரே காணப்படாதாயின் வடமோ வன்தட்டோ பழுதுற்றது. பெயர் காணப்படுமாயின் அதனுள் எழுதப்பட்டதே பழுதுற்றது. இறுதியாக, எழும் வரிசை மாறியுளதா என அறிக.

வாயிற்படி அழிந்தால் வருங் கேட்டுக்கு 1999ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆம் நாள் சான்றாயிற்று. முந்திய ஆண்டிற் தோன்றிய ‘சீ.ஐ.எச்.’ என்னும் நச்சுநிரல் அன்று பல நாடுகளில் விழித்தெழுந்தது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில தாய்ப்பலகைகளிற் பதிந்திருந்த ‘பயோஸ்’ செய்நிரலையும் சிதைத்தது. அவ்வாறு சிதைந்தவை, அந்நினைவகச் சில்லை மாற்றினாலன்றி, அல்லது மீண்டும் பதித்தாலன்றி எழவில்லை. தாய்ப்பலகையின் செய்நிரலைப் புதுப்பிக்கும்போது இடையில் மின்தடை நேர்வதும் இதனையொத்த விளைவைத் தரக்கூடும். ஆதலின் மின் நிலையில்லாத வேளையில் அம்முயற்சியைத் தவிர்த்தல் அறிவுடைமை.

ஐந்தாம் படியில், பணிசெயல் முறைமையின் சின்னம் தோன்றிச் சுழன்றுகொண்டேயிருத்தல், நீலத்திரை தோன்றுதல், மீண்டும் மீண்டும் தானே தொடங்குதல் என்பன குறிகள். இவ்விடத்து முதலில் எழுப்பவேண்டிய வினா, இறுதியாக நன்கு எழுந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் யாது மாறியது என்பதே. புதிதாய்ச் சேர்த்த செய்நிரலோ, புதுப்பிப்போ, புதிய உறுப்போ பெரும்பாலும் விடையாக அமையும். ‘விண்டோஸ்’ அடுத்தடுத்து எழத் தவறின், தானே மீட்புப் பகுதியைத் திறந்து காட்டும். அதிலுள்ள காப்பு நிலை, இன்றியமையாத செய்நிரல்களை மட்டும் ஏற்றும். அந்நிலையில் எழுமாயின் உறுப்புக்கள் பெரும்பாலும் நலமுடையன. பின்னர்ச் சேர்ந்த ஒன்றே குற்றமுடையது. 2024ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் இதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு நிகழ்ந்தது. ‘கிரவுட்ஸ்ரைக்’ என்னும் காப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றினால், ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் எழமாட்டாது நின்றன என மைக்ரோசொஃப்ற் நிறுவனம் மதிப்பிட்டது. அவை பெரும்பாலும் நிறுவனங்களுக்குரியன. அவற்றுள் ஓர் உறுப்பும் உடையவில்லை. ஒரு கோப்பும் இழக்கப்படவில்லை. காப்பு நிலையில் எழுப்பி, பிழையான அக்கோப்பு ஒன்றனை நீக்கியதே மருந்தாயிற்று. இத்தகைய கணினியில் வன்தட்டை முற்றும் துடைத்து எல்லாவற்றையும் புதிதாய் நிறுவியிருந்தால், அது சுண்டுவிரற் புண்ணுக்குக் கையை வெட்டியது போன்றதாகும்.

எனினும் அவ்வாறு துடைத்தலே நடைமுறையில் மலிந்துள்ளது. செப்பனிடுவோனுக்கு அது விரைவான வழி; உடையவனுக்கோ மீளாத இழப்பு. பணிசெயல் முறைமையை எத்தனை முறையும் மீள நிறுவலாம். தாய்ப்பலகையைக் கடையில் வாங்கலாம். ஆய்வுரையையும் நிழற்படத்தையும் எக்கடையிலும் வாங்கல் இயலாது. ஆதலின் நான்காம், ஐந்தாம் படிப் பழுதுகளில் முதற் செயல் திருத்துதலன்று. பொருளை மீட்டலே முதற் செயல். அதற்கு எளிய வழியுண்டு. வேறொரு கணினியிற் பென்டிறைவ் ஒன்றில் ‘லினக்ஸ்’ முறைமையை அமைத்து, அதிலிருந்தே பழுதுற்ற கணினியை எழுப்பலாம். வன்தட்டிலுள்ள எதனையும் மாற்றாது, வேண்டிய கோப்புக்களை வேறு தட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுத்தலும் ஒக்கும். வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் திறவெண் வேண்டும். ‘விண்டோஸ்’ முறைமையின் ‘பிற்லொக்கர்’ மறைகாப்புக்கு அது 48 இலக்கங்கள் கொண்டது. அதனை எழாத கணினியினுள்ளேயே வைத்திருத்தல், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலாம். தாளில் எழுதி வேறிடத்து வைத்தல் வேண்டும்.

சுழலும் வன்தட்டிலிருந்து இடையிடையே ‘டக் டக்’ என்னும் ஒலி எழுமாயின் நிலைமை கடுமையானது. வாசிக்கும் முனை தட்டின் மேற்பரப்பைத் தொடாது மிக நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்லும் இயல்பினது. அம்முனை கெட்டால் அத்தட்டை இயக்குந்தோறும் கேடு வளரும். மீண்டும் மீண்டும் ஆளியை அழுத்திப் பார்த்தலும், தட்டைத் திருத்தும் செய்நிரல்களை ஏவுதலும் ஈண்டுத் தீயன. உடனே அணைத்து வைத்து, உள்ளிருப்பது விலைமதிப்புடையதாயின் மீட்புத் துறையில் வல்லாரிடம் ஒப்படைத்தலே தக்கது. சுழலாத புதிய திண்மநிலைத் தட்டுக்கள் இவ்வொலியையும் எழுப்புவதில்லை. முன்னறிவிப்பின்றியே அவிந்துபோதல் உண்டு. ஆதலின் வேறொரு தட்டில் எப்போதும் ஒரு படி வைத்திருப்பதனினுஞ் சிறந்த செப்பனிடுதல் இல்லை.

எல்லை அறிந்து நிற்றலும் இம்முறையின் ஒரு பகுதியே. மின்வழங்கி, நினைவகம், வன்தட்டு, பற்றறி, வடம் என்பன வீட்டிலேயே மாற்றத்தக்கன. தாய்ப்பலகையின் நுண்சுற்றுப் பழுது அத்தகையதன்று. ஆயினும் வரிசைப்படி ஆராய்ந்தவர் தொழிலறிஞரிடம் செல்லும்போது வெறுங்கையோடு செல்வதில்லை. மின் நன்று, நினைவகம் வேறொரு கணினியில் இயங்குகின்றது, வன்தட்டின் பொருள் படியெடுக்கப்பட்டது எனக் கூறவல்லராகின்றார். அவ்வாறு கூறுவோரை ஏமாற்றுதலும் அரிது. அவர்க்கு உதவுதலும் எளிது.

முடிவாக நோக்குமிடத்து, எழாத கணினி ஒரு புதிரன்று. எங்கோ ஒரு படியில் நின்றுவிட்ட பயணம். அது நின்ற இடத்தைக் காட்சியாற் கண்டு, கருதலால் துணிந்து, உரையால் உறுதிசெய்து, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிச் செல்வார்க்குக் காரணம் மறைந்து நில்லாது. அவ்வாறு செல்வதற்கு முன்னர், அப்பெட்டியுள் வைத்த பொருளைப் பத்திரப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். பொறி பொருளின் பொருட்டே அமைந்தது. பொருள் பொறியின் பொருட்டு அமைந்ததன்று.